உப்புக்காற்றும் ஒரு சீமாட்டியும்

தமிழ்நாட்டுக் கார்ப் பட்டறைகளில், வர்ணம் பூசுவதற்கு முன்னால் இரும்புத் தகட்டைத் தேய்த்து மழமழப்பாக்கும் சொரசொரப்பான காகிதத்துக்கு ‘உப்புத்தாள்’ என்ற பெயர் எப்படியோ வந்து நிலைத்துவிட்டது. அதில் உப்பு மருந்துக்குக்கூடக் கிடையாது. அலுமினிய ஆக்சைடு அல்லது சிலிகன் கார்பைடு என்னும் கடுந்தூளைப் பசையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இட்ட பெயரைக் காரணப் பெயராகப் பார்க்க வேண்டுமென்று ஒருவருக்கு ஆசை இருக்குமானால், அவர் திருவனந்தபுரத்துக்கு வடக்கே கழக்கூட்டம் வரை போய், அரபிக்கடலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரு வீட்டுக் கொட்டகையில் பழைய கார் ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருக்கும் மனிதரின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே அந்தத் தாளின் முதற்காரியமே உப்பை அகற்றுவதுதான்.

கழக்கூட்டம் என்றால் இன்று பலருக்கும் டெக்னோபார்க்கும், தேசிய நெடுஞ்சாலைக்கு மேலே தூண்களின் மீது ஓடும் புதிய பாலமும்தான் ஞாபகத்துக்கு வரும். சற்று வயதானவர்களுக்கு 1962ல் ஏற்பட்ட சைனிக் பள்ளி நினைவுக்கு வரலாம். கே.எல்.22 என்று தொடங்கும் எண்களை வழங்குகிற வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் அவ்வூரில் உண்டு என்பது நம் விஷயத்துக்கு மிகவும் வேண்டிய சமாசாரம். ஏனென்றால், வீட்டில் கட்டப்படும் ஒரு காருக்கு எதிரிகள் இரண்டு பேர்: ஒன்று கடற்காற்று, மற்றொன்று காகிதம். முதல் எதிரியை வர்ணத்தாலும், இரண்டாம் எதிரியை உண்மையைச் சொல்வதாலும் மட்டுமே சமாளிக்க முடியும் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கொட்டகையில் 1985ஆம் வருஷத்துக் காண்டெஸா ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். பெருத்த யந்திரத்தை நடுத்தர உடலுக்குள் திணித்து, 1964ல் போன்டியாக் ஜி.டி.ஓ. என்ற பெயரோடு அமெரிக்கா தொடங்கிவைத்த ‘மஸில் கார்’ மோகத்துக்கு நம் தேசத்தில் ஏதாவது ஒரு பிரதிநிதி உண்டென்றால், அது இந்தக் கார்தான். நீண்ட முகப்பு, தாழ்ந்த கூரை, அகன்ற தோள் என்று ஒரு பயில்வானுக்கு வேண்டிய லட்சணமெல்லாம் அதற்கு உண்டு, பலம்தான் இல்லை. இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் கம்பெனி 1970களில் செய்த விக்டர் காரின் அச்சுகளைக் கொண்டு, வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை அதைச் செய்தது. ஆரம்பத்தில் அம்பாஸடரின் 1489 கன சென்டிமீட்டர் யந்திரமே, ஏறக்குறைய ஐம்பது குதிரைச் சக்தியோடு, அந்தப் பெரிய உடலை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. பிற்காலத்தில்தான் ஜப்பானிய இஸுஸுவின் 1817 கன சென்டிமீட்டர் யந்திரம் வந்து மானத்தைக் காத்தது. காண்டெஸா என்றால் இத்தாலிய மொழியில் சீமாட்டி என்று அர்த்தம். பெயருக்கேற்ற நடை வந்து சேர மூன்று நான்கு வருஷங்கள் பிடித்தன. எண்பதுகளின் மலையாள சினிமாவில் தங்கக் கடத்தல்காரர்கள் ஏறிப் போன வண்டி என்பதாலோ என்னவோ, கேரளத்து இளைஞர்களுக்கு இந்தச் சீமாட்டியின் மீது இன்னும் ஒரு மயக்கம் இருக்கிறது.

இனி எதிரியைப் பார்ப்போம். அலை கரையில் மோதி உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் வெடித்து, உப்புநீர்த் திவலைகளைக் காற்றில் எறிகின்றன. பெரிய திவலைகள் கரையோரத்திலேயே விழுந்துவிடுகின்றன. உப்பின் படிவு கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் நுண்ணிய துகள்கள் காற்றில் மிதந்து ஊருக்குள் வரத்தான் செய்கின்றன. வந்து படிந்த உப்பு வறண்டிருக்கும் வரை சாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியவுடன், சமையலறையில் மழைக்காலத்து உப்புச் சாடியில் நடப்பதே இங்கும் நடக்கிறது: உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துத் தன்னைக் கரைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத திரவத் துளியாகிவிடுகிறது. இடவப்பாதி, துலாவர்ஷம் என்று வருஷத்தில் இரண்டு மழைக்காலங்களைக் கொண்ட அந்தச் சீமையில், ஈரப்பதம் அந்த எல்லைக்கு மேலே நிற்கும் இரவுகளை எண்ணுவதைவிட, கீழே இறங்கும் இரவுகளை எண்ணுவது சுலபம். மழையே பெய்யாத இரவிலும், மூடிய கொட்டகைக்குள்ளும் கார் நனைந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தத் துளிக்குள் நடப்பது ஒரு சிறு மின்கலத்தின் வேலை. கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி, இரும்புத் தகட்டின் மீது ஒரே ஒரு உப்புநீர்த் துளியை வைத்துக் காட்டிய சோதனை இன்றும் பாடப் புஸ்தகங்களில் இருக்கிறது. துளியின் விளிம்பு மெல்லியதாகையால் அங்கே காற்றிலிருந்து பிராணவாயு தாராளமாகக் கரைகிறது. நடுப்பகுதிக்கு அது போய்ச் சேருவது அரிது. பிராணவாயு குறைந்த நடுப்பகுதியில் இரும்பு தன் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே விளிம்புக்கு ஓடி, அங்கிருக்கும் பிராணவாயுவோடு சேருகின்றன. கரைந்த இரும்பும் விளிம்பில் பிறந்த காரமும் சந்திக்கும் இடத்தில் செங்காவி வளையமாகத் துரு படிகிறது. உப்புக்கு இதில் இரட்டை வேஷம்: துளியை மின்சாரம் எளிதாகக் கடத்தும்படி செய்வது ஒன்று, இரும்பின் மேல் இயற்கையாகப் படியும் காப்புப் படலத்தைக் குலைப்பது மற்றொன்று. ஆகவே துரு தெரியும் இடம் வேறு, இரும்பு தின்னப்படும் இடம் வேறு. கார் வாங்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வைத்திருந்தால் எவ்வளவோ ஏமாற்றங்கள் குறையும். மலையாளத்தில் துருவைத் ‘துரும்பு’ என்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது வைக்கோல் துணுக்காகக் கேட்டாலும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியைத் திறந்து பார்த்தவர்கள் இரண்டு அர்த்தமும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்வார்கள்; அங்கே தகடு விரலால் நொறுங்கும் பதத்தில் இருக்கும்.

துருவைப் பற்றிய இந்த ஆராய்ச்சியில் நம்மவருக்கும் நல்ல பங்குண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுக்க, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், தேசத்தின் எந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கப்படுகிறது என்பதற்கு ஒரு வரைபடமே தயாரித்திருக்கிறது. அதன் மண்டபம் முகாமில், கடற்காற்றுக்கு நேரே உலோகத் தகடுகளைச் சட்டங்களில் மாட்டிவைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, இழந்த எடையை நிறுத்துப் பார்க்கிறார்கள். பொறுமையைத் தவிர வேறு ஆடம்பரமில்லாத சோதனை அது.

காண்டெஸாவின் பழைய வர்ணத்தைச் சுரண்டி எடுத்து, ஓட்டை விழுந்த இடங்களை வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்து, டிங்கரிங் வேலை முடிந்து உடல் சீராயிற்று என்று கொள்வோம். பொறுமையில்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் துப்பாக்கியை எடுத்து வர்ணத்தை அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படிப் பூசிய வர்ணம் ஆறு மாதத்தில் அம்மை போட்டதுபோல் கொப்புளம் கொப்புளமாக எழும். காரணம் தெரிய வேண்டுமானால் மாவடு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பில் போட்ட வடுவிலிருந்து, ஒரு சொட்டு நீரும் ஊற்றாமலே, ஜாடி நிறைய நீர் ஊறியிருக்கும். உப்பு, தோலின் மறுபுறத்திலிருக்கும் நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வர்ணப் படலமும் ஒரு வகையில் அந்தத் தோலைப் போன்றதே. உப்பை உள்ளே விடாது; ஆனால் நீர் மூலக்கூறுகள் அதனூடே மெல்ல மெல்ல நுழைந்துவிடும். பூசுவதற்கு முன் தகட்டின் மேல் உப்பு எஞ்சியிருந்தால், அது கடற்காற்று விட்டுப்போனதாயினும் சரி, வியர்வைக் கை வைத்த தடமாயினும் சரி, அது வெளியிலிருந்து நீரை இழுத்துப் படலத்துக்கு அடியில் ஒரு சிறு குளம் வெட்டிக்கொள்ளும். ஆகவே தேய்த்தபின் நல்ல நீரால் கழுவ வேண்டும். கடலோரத்துக் கிணற்று நீர் உவர்ப்பாயிருந்தால், கழுவுவது என்ற பெயரில் உப்பையே மறுபடி பூசியதாக ஆகிவிடும். பட்டி வைக்கும் வழக்கத்திலும் இதே அபாயம் ஒளிந்திருக்கிறது: பள்ளத்தை நிரவும் அந்தப் பட்டியில் கலந்திருக்கும் மாக்கல் தூள் ஈரத்தை நன்றாகக் குடிக்கும், பிரைமர் பூசாத பட்டியை நீர்விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, சரியாக உலர்த்தாமல் மேலே பூசுகிறவர், குளத்தைத் தாமே நிரப்பிவைத்தவராகிறார்.

பாஸ்பாரிக் அமிலம் கொண்டு எஞ்சிய துருவைப் பாஸ்பேட்டாக மாற்றிவிட்டு, அதன்மேல் எபாக்ஸி பிரைமரோ, வெற்றுத் தகடானால் இரும்புக்காகத் தன் உடலைத் தியாகம் செய்யும் துத்தநாகம் கலந்த பிரைமரோ பூசுவது முறை. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரான்களை விடுவதால், கீறல் விழுந்த இடத்திலும் முதலில் அதுவே கரையும்; எஜமானனுக்கு முன்னால் சண்டைக்குப் போகும் சேவகன் அது.

அதன்மேல் வரும் வர்ணத்தைப் பற்றித்தான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். நமது மனிதர் தம் சீமாட்டிக்கு வெள்ளை நிறமே வேண்டும் என்று முடிவு செய்திருந்தால், அந்த வெண்மை கழக்கூட்டத்துக்கு எங்கிருந்தோ வர வேண்டியதில்லை. பத்து கிலோமீட்டருக்குள், கொச்சுவேளியில் அது உற்பத்தியாகிறது. அதன் கதை ஒரு கயிற்றில் தொடங்குகிறது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டிக்கொண்டிருந்த கறுத்த மணலை, 1909ஆம் வருஷத்து வாக்கில், ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயனர் கவனித்து, அதில் தோரியம் அடங்கிய மோனஸைட் இருப்பதை அறிந்து, நார் வந்த வழியே தேடிக்கொண்டு இன்றைய கன்னியாகுமரி ஜில்லாவின் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அவர் தேடி வந்தது காஸ் விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியத்தை. அந்த மணலில் பெரும்பங்கு இல்மனைட் என்ற கருமணலாயிருந்தது; அதற்கு அப்போது யாரும் அவ்வளவு மதிப்புக் கொடுக்கவில்லை. இல்மனைட் என்பது இரும்பும் டைட்டேனியமும் பிராணவாயுவோடு பிணைந்த பொருள். 1946ல், சமஸ்தான ஆட்சி இன்னும் இருந்தபோதே நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டேனியம் தொழிற்சாலை, அந்தக் கறுப்பு மணலைக் கந்தகத் திராவகத்தில் கரைத்து, இரும்பைப் பிரித்தெறிந்து, எஞ்சியதை உலையில் சுட்டு, பால்போல் வெளுத்த டைட்டேனியம் டையாக்சைடாக ஆக்குகிறது. கழிவாக வரும் அமிலமும் இரும்பும் கடலுக்குப் போவதைப் பற்றி நெடுங்காலமாகப் புகார்களும் வழக்குகளும் உண்டு என்பதையும் சொல்லாமல் விடலாகாது. யோசித்தால் விசித்திரமாகத்தான் இருக்கிறது: இயற்கை ஒன்றாகப் பிணைத்துவைத்த இரும்பையும் வெண்மையையும் அரும்பாடுபட்டுப் பிரிக்கிறோம், பிரித்த வெண்மையை மறுபடி இரும்பின் மேலேயே பூசி, இரண்டும் பிரியாமலிருக்க வேண்டுமென்று தவம் கிடக்கிறோம்.

அந்தத் தூளுக்கு வெண்மை எப்படி வந்தது? ஒரு படிகத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய நிறமற்றது, வைரத்தைப் போன்றது. ஒளியை வளைக்கும் திறனில் வைரத்தையும் மிஞ்சியது; வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, டைட்டேனியம் டையாக்சைடின் அனடேஸ் வடிவத்துக்கு ஏறக்குறைய 2.5, ரூடைல் வடிவத்துக்கு 2.7. வர்ணத்திலுள்ள பிசினுக்கோ 1.5தான். பிசினிலிருந்து துகளுக்குள்ளும், துகளிலிருந்து பிசினுக்குள்ளும் மாறிமாறிப் புகும் ஒளி ஒவ்வொரு எல்லையிலும் சிதறி, இரும்பைத் தொடுவதற்கு முன்பே திரும்பி வந்துவிடுகிறது. எல்லா நிறங்களும் சேர்ந்து திரும்புவதால் கண் அதை வெண்மை என்கிறது. துகளின் அளவு ஒளி அலையின் நீளத்தில் பாதியளவாக, அதாவது ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் பங்காக்கிய அளவையொட்டி இருந்தால் சிதறல் உச்சமாயிருக்கும். உப்பு, சர்க்கரை, மேகம், பாலின் நுரை எல்லாம் வெளுத்திருப்பது இதே தத்துவத்தால்தான்.

ஆனால் இங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. கொச்சுவேளித் தொழிற்சாலை பிரதானமாகச் செய்து வந்திருப்பது அனடேஸ் வகை; கொல்லம் ஜில்லாவின் சவராவில், குளோரின் முறையைக் கையாளும் கேரளா மினரல்ஸ் தொழிற்சாலை செய்வது ரூடைல் வகை. அனடேஸ் வெயிலில் சும்மா இருக்காது. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிரை விழுங்கி, அந்தச் சக்தியால் தன்னைச் சூழ்ந்திருக்கும் பிசினையே எரித்துவிடும் குணம் அதற்குண்டு. பிசின் போனபின் வெள்ளைத் தூள் மட்டும் மேலே நிற்கும். ஒரு காலத்தில் சர்க்கார் ஆபீஸ் வாசலில் நின்ற வெள்ளை அம்பாஸடரின் மீது சாய்ந்து, வேட்டியெல்லாம் சுண்ணாம்பாக்கிக்கொண்டவர்களுக்கு இந்தப் பாடத்தை நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளிருக்கும் கதவுக்கும் சுவரின் உட்புறத்துக்கும் அனடேஸ் போதும். வெயிலில் நிற்கும் காருக்கு, அலுமினாவும் சிலிக்காவும் போர்த்திய ரூடைல்தான் தக்கது. பக்கத்து ஊர் வெண்மை என்ற பாசத்தால் மட்டும் வர்ணத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பட்டறைக்காரர்கள் கார் வர்ணத்தை இன்றும் ‘டூகோ’ என்கிறார்கள். அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1923ல் கொண்டுவந்த நைட்ரோ செல்லுலோஸ் வர்ணத்தின் வியாபாரப் பெயர் அது. அதுவரையில் வாரக்கணக்கில் உலர்ந்துகொண்டிருந்த கார்கள், அது வந்தபின் மணிக்கணக்கில் உலரத் தொடங்கின. உலர்வது என்றால் அதில் கரைப்பான் ஆவியாகிப் போவது மட்டுமே. இன்று வீட்டுக் கொட்டகையில் வேலை செய்கிறவரும் வாங்குவது இரு பொருள் கலக்கும் பாலியூரிதேன் வர்ணம். அதில் பிசினும் ஐசோசயனேட் என்ற கெட்டியாக்கியும் ஒன்றோடொன்று கைகோத்து, மீண்டும் கரைக்க முடியாத வலையாகப் பின்னிக்கொள்கின்றன. இந்த ஐசோசயனேட்டுக்குப் பிசினின் மீதிருப்பதைப் போலவே நீரின் மீதும் ஆசை உண்டு. காற்றின் ஈரத்தோடு அது சேர்ந்தால் கரியமில வாயு பிறக்கும்; படலத்தில் ஊசிமுனை ஊசிமுனையாகத் துளைகள் விழும். 28 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரமும் உள்ள ஒரு சாதாரணக் கழக்கூட்டத்து மாலையில், பனி படியும் வெப்பநிலை ஏறக்குறைய 25.2 டிகிரியாகும், தகடு அதைவிட மூன்று டிகிரியாவது சூடாயிருந்தால்தான் பூசலாம் என்பது தொழில்முறை விதி. கணக்குப் பார்த்தால் அந்த மாலையில் மூன்று டிகிரி தேறாது. மேலும், கரைப்பான் ஆவியாகும்போது தகடு இன்னும் குளிர்கிறது. ஆகையால் ஜனவரி, பிப்ரவரி மாதத்து முற்பகல்களுக்காகக் காத்திருப்பதே அங்கே புத்திசாலித்தனம். 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற விஷவாயுவும் ஐசோசயனேட் குலத்தைச் சேர்ந்ததுதான். கெட்டியாக்கி அவ்வளவு எளிதில் ஆவியாகாத ஒன்றுவிட்ட உறவு என்றாலும், துப்பாக்கியின் புகைமூட்டத்தை மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு சுவாசிப்பவருக்குத் தீராத ஆஸ்துமாவைத் தர அது போதும். வெளிக்காற்றைக் குழாய் மூலம் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அதை அடிக்கவே கூடாது.

வர்ணம் காய்ந்து, மேலே ஒளிபுகும் கிளியர் கோட்டும் ஏறி, சீமாட்டி பளபளவென்று நிற்கிறாள். இனி இரண்டாம் எதிரியான காகிதம்.

இன்ஷ்யூரன்ஸ் என்பது பலருடைய சிறு பணத்தைச் சேர்த்து, யாரோ ஒருவருக்கு வரும் பெருநஷ்டத்தை ஈடுசெய்யும் ஏற்பாடு. எந்தக் காருக்கு எந்த நாள் விபத்து என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் லட்சம் கார்களில் வருஷத்துக்கு ஏறத்தாழ எத்தனைக்கு விபத்து நேரும் என்பதைக் கணிதம் சொல்லிவிடும். இந்த வித்தை ஒரே ஜாதியான பல கார்கள் இருக்கும் வரையில்தான் பலிக்கும். வீட்டில் ஒருவர் தம் இஷ்டப்படி கட்டிய கார் உலகத்தில் அது ஒன்றுதான். ஒன்றைக் கொண்டு சராசரி போட முடியாது. கம்பெனிக்காரர்கள் இப்படிப்பட்ட வண்டியைக் கண்டால் முகம் சுளிப்பதற்கு இதுவே மூலகாரணம், துவேஷம் ஒன்றுமில்லை.

புதிய காரின் மதிப்பு தயாரிப்பாளரின் விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்துக் கணக்கிடப்படுகிறது. ஆறு மாதம் வரை 5 சதவீதம் என்று தொடங்கி, ஐந்தாம் வருஷத்தில் 50 சதவீதம் வரை கழிவு போகிறது. ஐந்து வருஷத்துக்கு மேற்பட்டவற்றுக்கும் உற்பத்தி நின்றுபோன ரகங்களுக்கும் கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி ஒரு தொகையை முடிவு செய்துகொள்ள வேண்டும். நமது மனிதர் கொட்டகையில் செலவிட்ட மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அந்தப் பேச்சில் ஒரு விலை உண்டா என்றால், ரசீதும் புகைப்படமும் மதிப்பீட்டாளரின் சான்றும் இருக்கிற அளவுக்குத்தான் உண்டு. வர்ணத்தின் கதி இன்னும் பரிதாபம். விபத்துக்குப் பின் மறுபடி வர்ணம் பூசினால், பூசிய பொருளின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். கூலியும் பொருளும் சேர்ந்த ஒரே ரசீதானால், அதில் 25 சதவீதம் பொருள் என்று கொண்டு கழிப்பார்கள். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட காரின் உலோகப் பாகங்களுக்கும் பாதிதான். துருவுக்கோ ஒரு காசும் கிடையாது. தேய்மானம், நாட்பட்ட சிதைவு ஆகியவை பத்திரத்தின் விலக்குப் பட்டியலில் முதலிலேயே நிற்கின்றன. மெதுவாக வரும் நஷ்டத்தை எந்தக் கம்பெனியும் ஏற்பதில்லை. உப்புக்காற்றுக்கு எதிரான பாலிஸி அந்தப் பிரைமர் மட்டுமே.

சட்டத்தின் கட்டாயம் மூன்றாம் நபருக்கான காப்பு. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி, அது இல்லாமல் சாலையில் சக்கரம் உருளக் கூடாது. அதன் கட்டணம் யந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. 2022 ஜூன் முதல் வந்த விகிதப்படி, 1000க்கு மேல் 1500 கன சென்டிமீட்டர் வரை ரூ. 3,416, அதற்கு மேல் ரூ. 7,897. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நமது சீமாட்டியின் ரகசியம் மறைந்திருக்கிறது. பழைய 1489ஐக் கழற்றிவிட்டு இஸுஸுவின் 1817ஐ வைக்க வேண்டும் என்பதுதானே காண்டெஸா வாங்குகிற ஒவ்வொருவரின் முதல் ஆசையும்? வைத்தால் 1500 என்ற கோட்டைத் தாண்டியாகிவிட்டது. கட்டணம் இருமடங்குக்கு மேல். சொல்லாமலிருந்தால் மிச்சம் ரூ. 4,481, இழப்பதோ பத்திரம் முழுவதையும். ஏனெனில் இன்ஷ்யூரன்ஸ் ஒப்பந்தம், ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை மறுபக்கத்துக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்ற பரிபூரண நல்லெண்ணத்தின் மீது கட்டப்பட்டது. மறைத்தவரின் காரால் அடிபட்டவரைக் கோர்ட் கைவிடாது. கம்பெனி கொடுக்கட்டும், கொடுத்ததைப் பின்னர் சொந்தக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று பல வழக்குகளில் தீர்ப்பாகியிருக்கிறது.

கட்டணத்துக்கு முன்னால் அனுமதி என்று ஒன்றிருக்கிறது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் முரண்படும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே உறுதிப்படுத்தியது. அதற்குப்பின் வந்த திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வைத்திருக்கிறது. நிறமும் ஆர்.சி.யில் பதிவாகும் விவரமாகையால், சீமாட்டி கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறியதையும் கே.எல்.22 அலுவலகத்தில் சொல்லிப் பதிவு செய்தாக வேண்டும். சட்டகத்திலிருந்து புதிதாகவே ஒரு காரைக் கட்டுவதோ இங்கே ஏறக்குறைய நடக்காத காரியம். புனேயிலோ ஒரகடத்திலோ உள்ள சோதனை நிலையங்கள் மாதிரி வண்டியைப் பரிசோதித்துச் சான்று தர வேண்டும் என்ற விதி, வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் செய்யும் கம்பெனியை நினைத்து எழுதப்பட்டது. பிரிட்டனில் ஒற்றை வண்டியைச் சோதித்துப் பதிவு செய்ய ஓர் ஏற்பாடு உண்டு. நம் விதிகள் அவசியத்துக்கு மேல் இறுகியிருக்கின்றன என்றே நான் நினைக்கிறேன். ஆயினும், பற்றவைப்பு விட்டுப்போன ஒரு வீட்டுக் காருக்கு எதிரே பள்ளிக்கூட வேன் வரும் சாலையை நினைத்தால் அந்த எண்ணம் சற்றுத் தயங்குகிறது.

பழைய கார்களுக்கு 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் ஒரு கதவைத் திறந்துவைத்தது. முதற்பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்த இரு சக்கர, நாற்சக்கர வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியே பதியலாம், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, பத்து வருஷத்துக்கு. மூன்றாம் நபர் காப்புக் கட்டணத்திலும் அப்படிப் பதிந்த கார்களுக்குப் பாதி தள்ளுபடி உண்டு. முக்கியமான நிபந்தனை, சட்டகத்திலோ உடலிலோ யந்திரத்திலோ மாற்றம் செய்யாமல் ஆதி ரூபத்தில் இருக்க வேண்டும் என்பது. 1985ல் பதிவான காண்டெஸாவுக்கு அந்த வயது 2035ல் வருகிறது. அதுவரையில் அவள் கிழவியும் அல்ல, குமரியும் அல்ல. ஐந்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு நடமாட வேண்டியவள்.

ஆகவே கொட்டகையிலிருக்கும் மனிதர் இஸுஸுவுக்கு இன்னும் பணம் கட்டவில்லை. பழைய 1489ஐ இறக்கிப் பிரித்து, வளையங்களும் தாங்கிகளும் மாற்றி, மறுபடி அதே இடத்தில் ஏற்றிவிட்டால் ஐம்பது குதிரைகளோடு திருப்திப்பட வேண்டியதுதான். ஏற்றத்தில் டெக்னோபார்க் பஸ்கூட முந்திக்கொண்டு போகும். அவர் முடிவு செய்யும் வரையில் அந்த யந்திரம் மூலையில் மரப்பலகைமேல் இருக்கிறது. சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி, வெளியே கிரீஸ் தடவி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு தார்ப்பாயில் சுற்றி வைத்திருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறன்று தார்ப்பாயை அவிழ்த்து, பிஸ்டன்கள் இறுகிவிடாதபடி கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஜன்னலைச் சாத்துகிறார்.